வடகிழக்குப் பருவமழை, புயல், ரெட் அலர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி நெருங்கினால் வீட்டிலும் ஆபீஸிலும் டீக்கடையிலும் பேச்சு மழையைப் பற்றித்தான். புயல் வருமா, லீவு விடுவார்களா, ஏரி நிரம்புமா என்று கேள்விகள் வரிசையாக வரும். அவற்றில் அதிகம் கேட்கப்படுபவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முக்கியமாக ஒன்றைச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்: புயல் என்பது காற்றின் வேகத்தை வைத்துச் சொல்வது, மழையின் அளவு அதில் அடங்காது. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்வதால் உயிர்கள் போயிருக்கின்றன. நாலாவது கேள்வியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

1. நாடு முழுக்க ஜூன் மாதமே மழை பிடித்துக்கொள்கிறது, நமக்கு மட்டும் ஏன் ஐப்பசி, கார்த்திகையில்?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தோடு வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏற ஏறக் குளிர்ந்து, ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்திலும் கர்நாடகக் கரையோரத்திலும் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அதே காற்று சூடேறி வறண்டுவிடும். வால்பாறையும் நீலகிரியின் மேற்குச் சரிவுகளும் கன்னியாகுமரி மாவட்டமும் நனைந்துகொண்டிருக்கும் ஜூலையில் தூத்துக்குடியில் வெறும் புழுதிக்காற்று அடிப்பது இதனால்தான்.

அக்டோபரில் வட இந்திய நிலப்பரப்பு குளிர ஆரம்பித்ததும் அங்கே காற்றழுத்தம் கூடுகிறது, தெற்கே கடல் மேல் குறைகிறது, காற்றும் திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசத் தொடங்குகிறது. இப்போது அது வங்கக்கடலைக் கடந்து ஈரத்தோடு நேராக நம் கரைக்கு வருகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தமிழ்நாட்டுக்குச் சராசரியாக 44 செ.மீ. மழை கிடைக்கிறது, அதாவது வருட மழையில் கிட்டத்தட்ட பாதி. சென்னை மாதிரி கடலோர ஊர்களில் இந்தப் பங்கு இன்னும் அதிகம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்கு மழையே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். வருட மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த நாலு மாதங்களில்தான் வருகிறது, பெரும்பாலும் வெப்பச்சலனத்தால் சாயங்காலமோ முன்னிரவிலோ பெய்யும் இடிமழையாக.

2. பருவமழை "தொடங்கிவிட்டது" என்று எதை வைத்து அறிவிக்கிறார்கள்? அதற்கு முன்பே மழை பெய்துவிட்டதே?

மழை பெய்தால் மட்டும் போதாது. தென்மேற்குப் பருவமழை ஆந்திரக் கடலோரம் வரை விலகியிருக்க வேண்டும், தமிழகக் கரையில் கிழக்குத் திசைக் காற்று நிலையாக வீச வேண்டும், அந்தக் கிழக்குக் காற்று தரைமட்டத்தோடு நிற்காமல் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரை இருக்க வேண்டும், கடலோர மாவட்டங்களில் பரவலாக மழையும் பெய்ய வேண்டும். இத்தனையும் கூடி வந்தால்தான் அறிவிப்பு. வழக்கமான தேதி அக்டோபர் 20, ஒரு வாரம் பத்து நாள் முன்னே பின்னே ஆவது சாதாரணம். தொடக்கம் தள்ளிப்போனால் மொத்த மழை குறைந்துவிடும் என்று பயப்படவும் தேவையில்லை, நவம்பரில் சரியாக அமைந்த இரண்டு சுற்று மழை மொத்தக் கணக்கையும் நேர்செய்துவிடும்.

3. காற்றழுத்த தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல். இவற்றுக்கு என்ன வித்தியாசம்?

எல்லாமே ஒரே அமைப்பின் படிநிலைகள். பிரிப்பது காற்றின் வேகம் மட்டுமே. சுழற்சியைச் சுற்றி மணிக்கு 31 கி.மீ.க்குக் குறைவாகக் காற்று வீசினால் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 62ஐத் தொட்டால் புயல், அப்போதுதான் பெயர் கிடைக்கும். 89க்கு மேல் தீவிர புயல், 118க்கு மேல் மிகத் தீவிர புயல், அப்படியே போய் 221ஐத் தாண்டினால் சூப்பர் புயல்.

இதில் எந்தப் படியிலும் மழையின் அளவு வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. அப்படியென்றால் புயல் வந்தால்தான் பெருமழை என்பது தவறா?

தவறு. ஆபத்தான தவறும்கூட.

2015 டிசம்பர் 1 அன்று சென்னையையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்த மழையை எடுத்துக்கொள்ளுங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. அன்றைக்குக் கடலில் புயல் எதுவும் இல்லை, அந்த மழைக்குப் பெயரும் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்ததும் அப்படித்தான். குமரிக்கடல் பக்கம் நிலைகொண்டிருந்த வளிமண்டல சுழற்சி ஒன்று கடலின் ஈரத்தை விடாமல் கரைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவானது. அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே அந்த அளவுக்கு வராது. தாமிரபரணி கரையுடைத்து ஓடியது, ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அந்த மாதம் முதல் வாரத்தில் சென்னையை மிரட்டிய மிக்ஜாம் புயல்தான் எல்லோர் கவனத்திலும் இருந்தது. பெயர் வைக்கப்படாத இந்தச் சுழற்சி அதைவிடப் பெரிய மழையைக் கொண்டுவந்தது.

மறுபக்கமும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கியது, ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. ஆனால் அந்த வருடப் பருவமழை மாநில அளவில் சுமார் 17 செ.மீ. மட்டுமே, சராசரியில் பாதிகூட இல்லை. புயல் வந்த வருடமே கடும் வறட்சி வருடமாகவும் இருந்தது.

மழையின் அளவைத் தீர்மானிப்பவை வேறு: அமைப்பு எவ்வளவு மெதுவாக நகர்கிறது, எவ்வளவு ஈரம் உள்ளே வருகிறது, காற்றுகள் எந்த இடத்தில் வந்து குவிகின்றன. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல், காற்றின் வேகத்தில் புயல் வகையிலேயே மிகக் கீழ்ப் படியில் இருந்தது. கடந்த பிறகு நகராமல் அங்கேயே பல மணி நேரம் நின்றது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரு நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. அது வலுவிழந்து உள்ளே போனபோது, கடலுக்குச் சம்பந்தமே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் 50 செ.மீ. அளவுக்குப் பெய்து, தென்பெண்ணையில் வெள்ளம் புரண்டது. "வலுவிழந்தது" என்று செய்தியில் வந்தால் காற்று குறைந்தது என்றுதான் அர்த்தம், மழை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. தயவுசெய்து இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

காற்றைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லவில்லை. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கரையேறிய கஜா, டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அங்கே நாசம் செய்தது பெரும்பாலும் காற்று. இரண்டும் தனித்தனி ஆபத்து, எச்சரிக்கையிலும் இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

5. வங்கக்கடலில் புயல் எப்படி உருவாகிறது?

கடல் மேற்பரப்பு 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், அதுவும் சில பத்து மீட்டர் ஆழம் வரை சூடாக இருக்க வேண்டும். அக்டோபர், நவம்பரில் வங்கக்கடல் 28 டிகிரிக்கு மேல் இருப்பது வழக்கம். நீர் ஆவியாகி மேலே போகிறது, மேலே குளிர்ந்து மறுபடி நீர்த்துளியாகும்போது, ஆவியாகும் நேரத்தில் உள்வாங்கிய வெப்பத்தை வெளியே விடுகிறது. இந்த வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஒரு கிலோ நீராவி நீராக மாறும்போது வெளிவரும் வெப்பத்தை வைத்து, குழாயில் வரும் தண்ணீர் ஏழு லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகலாம். வானத்தில் இப்படி மாறுவது கோடிக்கணக்கான டன் நீராவி. சுற்றியுள்ள காற்று சூடேறி இன்னும் மேலே எழும்புகிறது, கீழே அழுத்தம் குறைகிறது, அந்தக் குறைவை நிரப்ப நாலு பக்கத்திலிருந்தும் ஈரக்காற்று ஓடிவருகிறது, அது மேலே போய் மறுபடி வெப்பத்தை விடுகிறது. இந்தச் சங்கிலி அறுபடாமல் இருந்தால் புயல் வலுக்கும்.

பூமி சுழல்வதால் ஓடிவரும் காற்று நேராக மையத்துக்குப் போகாமல், வட அரைக்கோளத்தில் வலப்பக்கமாக விலகுகிறது. அதனால் மொத்த அமைப்பும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பிக்கிறது. நிலநடுக்கோட்டில் இந்த விலகல் கிடையாது, அதை ஒட்டி ஐந்து டிகிரிக்குள் புயல் உருவாவது மிகமிக அரிது. இன்னொரு தடை, கீழே ஒரு வேகத்திலும் மேலே வேறு வேகத்திலும் திசையிலும் காற்று வீசுவது. அப்போது மேகக்கூட்டம் மையத்தை விட்டுத் தள்ளிப்போய்விடும், சங்கிலி அறுந்துவிடும். கடல் நன்றாகச் சூடாக இருந்தும் பல தாழ்வு மண்டலங்கள் புயலாகாமல் போவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

6. புயல் கடக்கும்போது திடீரென்று காற்று நின்றுவிட்டால் வெளியே போகலாமா?

போகவே கூடாது. வலுவான புயலின் நடுவில் காற்று அடங்கிய பகுதி இருக்கும், அதுதான் கண். அது உங்கள் தலைக்கு மேல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும். முதல் பாதியில் வடக்கிலிருந்து அடித்த காற்றில் ஒரு பக்கம் சாய்ந்து நின்ற மரமும் கூரைத் தகடும், இரண்டாம் பாதியில் தெற்குக் காற்று வந்ததும் விழும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். நம் கரைக்கு மேற்கு நோக்கி வரும் புயலில், மையம் கடக்கும் இடத்துக்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசும். கடல்நீரை ஊருக்குள் தள்ளுவது அந்தப் பக்கம்தான். தெற்கே காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும்.

7. சென்னையில் ராத்திரி பூராவும் கொட்டிவிட்டு, பகலில் ஏன் வெயில் அடிக்கிறது?

பருவமழைக் காலத்தில் இது கடற்கரையின் இயல்பு. ராத்திரி நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுகிறது, கடல் அவ்வளவு சீக்கிரம் குளிராது. குளிர்ந்த நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்லிய காற்று புறப்படும்போது எதிரே ஈரமான கிழக்குக் காற்று வருகிறது, இரண்டும் கரையை ஒட்டியே முட்டிக்கொள்கின்றன. முட்டிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை, மேகம் அங்கேயே திரும்பத் திரும்பப் பிறக்கிறது. அதனால் கடலோரத்தில் நடுராத்திரியிலிருந்து விடியற்காலை வரை மழை அதிகம். பட்டினப்பாக்கத்தில் கொட்டும்போது பூந்தமல்லியில் தூறல்கூட இல்லாமல் இருப்பதும் இந்த ஒடுங்கிய பட்டையால்தான்.

கோடையிலும் ஆகஸ்ட், செப்டம்பரிலும் கதை தலைகீழ். பகல் வெயிலில் நிலம் கொதித்து, சாயங்காலம் உள்ளே வரும் கடற்காற்று மேற்குக் காற்றோடு மோதி இடிமழை பெய்யும்.

8. "10 செ.மீ. மழை" என்றால் எவ்வளவு தண்ணீர்?

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 1000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர், 10 செ.மீ. பெய்தால் 9,300 லிட்டர். காயல்பட்டினத்தின் 95 செ.மீ.யை இதில் போட்டுப் பார்த்தால் ஒரு வீட்டு மாடியில் மட்டும் 88,000 லிட்டர். மழைநீர் சேகரிப்புக் குழாயைத் தூர்வாரி வைக்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

அளவு எடுப்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. அதனால் திங்கள் ராத்திரி பெய்த மழை செவ்வாய்க்கிழமை கணக்கில் வரும். வீட்டிலேயே அளக்க ஆசையா? அடி முதல் வாய் வரை ஒரே அகலம் உள்ள நேரான பாத்திரத்தை, மரமோ சுவரோ மறைக்காத இடத்தில் வைத்து, உள்ளே நிற்கும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். பாத்திரம் சிறியதா பெரியதா என்பது பொருட்டே இல்லை.

9. ரெட் அலர்ட் விட்டார்கள், எங்கள் தெருவில் மழையே இல்லை. வானிலை மையம் பொய் சொல்கிறதா?

இல்லை. எச்சரிக்கை மாவட்டத்துக்கு, உங்கள் தெருவுக்கு அல்ல. அறிக்கையின் சொற்களை நிதானமாகப் படிக்க வேண்டும். "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்வாசிக்கு மேல் போகாது, "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால்வாசிக்கு மேல். கனமழை என்றால் 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ. முதல் 11.5 வரை, மிக கனமழை என்றால் 20.4 வரை, அதற்கு மேல் அதி கனமழை. "ஓரிரு இடங்களில் அதி கனமழைக்கு வாய்ப்பு" என்று ரெட் அலர்ட் வந்தால், மாவட்டத்தில் ஒன்றிரண்டு ஊரில் 20 செ.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று பொருள். அது உங்கள் ஊராகவும் இருக்கலாம், பக்கத்து ஊராகவும் இருக்கலாம்.

அமைப்பின் மையம் போகும் பாதை 50 கி.மீ. வடக்கே நகர்ந்தால் போதும், சென்னையில் பெய்ய வேண்டியது ஆந்திர எல்லைப் பக்கம் போய்விடும். இரண்டு நாளைக்கு முன்பு கணிக்கும்போது 50 கி.மீ. பிசகு என்பது உண்மையில் நல்ல கணிப்பு. மழை வராததற்காக எச்சரிக்கையைத் திட்டினால், அடுத்த முறை எச்சரிக்கை வந்தும் யாரும் அசையமாட்டார்கள். எனக்குப் பெரிய கவலை அதுதான்.

10. ரேடார் படத்தில் எங்கள் ஊர் மேல் சிவப்பு. மழை இல்லை. எப்படி?

ரேடார் அனுப்பும் அலை மழைத்துளியில் பட்டுத் திரும்பும் வலிமையைத்தான் நிறமாகக் காட்டுகிறது. அலை சற்று மேல்நோக்கிச் சாய்ந்து போகிறது, பூமியோ கீழ்நோக்கி வளைகிறது. 100 கி.மீ. தொலைவில் அது பார்ப்பது தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்தை, 200 கி.மீ. தொலைவில் நாலு கி.மீ. உயரத்தை. அங்கே இருக்கும் துளிகள் கீழே வருவதற்குள் காற்றில் நகர்ந்துவிடலாம், ஆவியாகிவிடலாம். உயரம் குறைந்த மேகங்கள் அலைக்குக் கீழேயே பெய்துவிட்டுப் போவதும் உண்டு, அப்போது படத்தில் எதுவும் தெரியாமல் ஊர் நனையும். சென்னைக்காரர்கள் சென்னை ரேடாரையும், டெல்டாக்காரர்கள் காரைக்கால் ரேடாரையும் பார்ப்பதுதான் சரி.

செயற்கைக்கோள் படம் வேறு. அகச்சிவப்புப் படத்தில் பளிச்சென்று தெரிவது மேகத்தின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறது என்பது. உயரமான, மெல்லிய, மழையே தராத மேகமும் அதில் பயமுறுத்தும்.

11. எல் நினோ வருடத்தில் நமக்கு மழை குறையுமா?

பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் பூமத்திய ரேகையை ஒட்டி வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ, குளிர்வது லா நினா. நாட்டின் தென்மேற்குப் பருவமழைக்கு எல் நினோ பெரும்பாலும் கெடுதல். வடகிழக்குப் பருவமழைக்கு அது பொதுவாகச் சாதகம், 2015 வலுவான எல் நினோ வருடம். ஆனால் லா நினா வருடமான 2021இல் தமிழ்நாட்டில் சராசரியைவிட மிக அதிகமாகப் பெய்தது. பசிபிக் கடல் ஒரு சாய்வைத்தான் தருகிறது. அதற்கு மேல், 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும் மேகக்கூட்ட அலை ஒன்று உண்டு, 1971இல் மேடன், ஜூலியன் என்ற இருவர் கண்டறிந்தது. அது இந்தியப் பெருங்கடல் பக்கம் எப்போது வருகிறது என்பதைப் பொறுத்தும் நம் நவம்பர் மாறும்.

12. "அடுத்த மாதம் 14ஆம் தேதி சென்னையில் புயல்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

நம்பாதீர்கள். வளிமண்டலத்தின் தொடக்க நிலையில் உள்ள சிறு பிழைகூட நாள் போகப் போகப் பெருகிவிடும். இதை எட்வர்ட் லோரன்ஸ் என்ற அமெரிக்க வானிலை அறிஞர் 1963இலேயே காட்டிவிட்டார். அதனால்தான் ஐரோப்பிய வானிலைக் கணிப்பு மையம் போன்றவை தொடக்க நிலையைச் சிறிது மாற்றி மாற்றி ஐம்பது முறை கணக்குப் போடுகின்றன. ஐம்பதும் ஒரே பாதையைக் காட்டினால் நம்பிக்கை கூடும், விசிறி மாதிரி விரிந்தால் குறையும். பத்து நாளைக்கு அப்பால் "வங்கக்கடலில் சாதகமான சூழல்" என்று சொல்லலாம். தேதியும் ஊரும் சொல்ல முடியாது.

13. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்கள் எதைச் சொல்கின்றன?

அவை முதலில் கப்பல்களுக்கும் மீனவர்களுக்கும். 1, 2 என்றால் அமைப்பு தொலைவில் இருக்கிறது, துறைமுகத்துக்கு உடனடி பாதிப்பு இல்லை. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பலத்த காற்றின் அச்சுறுத்தல். 5, 6, 7 புயல் ஆபத்து: புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதை முதல் இரண்டும் சொல்லும், 7 என்றால் துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ. 8, 9, 10 அதே வரிசை, ஆனால் தீவிர புயலுக்கு. 11 என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, நிலைமை மிக மோசம்.

14. பெயர் வைப்பது யார்?

இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், ஓமன் உள்பட 13 நாடுகள் முன்கூட்டியே கொடுத்த பட்டியலிலிருந்து வரிசைப்படி இந்திய வானிலைத் துறையின் டெல்லி மையம் எடுத்துச் சூட்டும். கஜா இலங்கை கொடுத்தது, வர்தா பாகிஸ்தான் கொடுத்தது.

15. இடி இடிக்கும்போது மரத்தடியில் நிற்கலாமா?

கூடாது. மின்னலைப் பார்த்த நொடியிலிருந்து எண்ணுங்கள், மூன்று நொடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ போய்விடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வர வேண்டாம். வயலில் வேலை செய்பவர்களும் ஆடு மாடு மேய்ப்பவர்களும்தான் அதிகம் பலியாகிறார்கள், அவர்களிடம் இதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது முக்கியம்.

16. பூமி வெப்பமாவதால் மழை கூடுமா, குறையுமா?

காற்று ஒரு டிகிரி சூடானால் அதில் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி இருக்க முடியும். இது அடிப்படை இயற்பியல். ஆகவே பெய்யும்போது பெருமழையாகப் பெய்யும் வாய்ப்பு கூடுகிறது. மொத்த மழை நாட்கள் கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஒரு தனி மழையைக் காட்டி "இது வெப்பமயமாதலால்தான்" என்று உடனே சொல்லிவிடவும் முடியாது. ஆனால் பழைய மழைக் கணக்கை வைத்துக் கட்டிய வடிகால்களும் மதகுகளும் இனி போதாது என்பதற்கு இந்த 7 சதவீதமே போதுமான காரணம்.

17. பொங்கல் சமயத்திலும் மழை பெய்கிறதே, அது எந்தக் கணக்கு?

கிழக்குக் காற்று டிசம்பர் 31 அன்று நின்றுவிடுவதில்லை, சில வருடங்களில் பருவமழை ஜனவரி நடுவில்தான் விலகும். 2021 ஜனவரியில் அப்படிப் பெய்து, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற சம்பா நெல் வயலிலேயே சாய்ந்து முளைவிட்டது. ஆனால் புள்ளிவிவரத்தில் ஜனவரி, பிப்ரவரி மழையைக் குளிர்கால மழை என்று தனியாக எழுதுவார்கள், அதனால் வடகிழக்குப் பருவமழையின் 44 செ.மீ. சராசரியில் அது சேராது.